பழைய பிரவுசரில் பேங்க் தளம் மட்டும் ஏன் திறப்பதில்லை?

கோத்தகிரியில் பக்கத்து வீட்டு அண்ணனின் பழைய கணினியில் செய்தித் தளம் ஓடியது. பேங்க் தளம் மட்டும் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று நின்றுவிட்டது. காரணம் டிஎல்எஸ். பிரவுசரும் தளமும் வேறு யாருக்கும் புரியாதபடி பேசிக்கொள்ளும் முறை அது.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அதைப் போல. அந்த ஜாடை ஊருக்கே தெரிந்துவிட்டால் புது ஜாடைக்கு மாறத்தானே வேண்டும்? 1999-இல் வந்த டிஎல்எஸ் 1.0 பதிப்பில் ஓட்டைகள் தெரிந்துவிட்டன. பெரிய பிரவுசர்கள் 2020 வாக்கில் அதைக் கைவிட்டன. இப்போது 2008-இன் 1.2-உம் 2018-இன் 1.3-உம்தான் புழக்கத்தில். மிகப் பழைய பிரவுசருக்கு இவை தெரியாது. அதனால் பழைய முறையை ஏற்காத பேங்க் தளம் திறக்காது, இன்னும் ஏற்கும் தளம் திறக்கும். அப்டேட் செய்ததும் அண்ணனுக்குத் திறந்தது. (கணினியின் தேதி தவறாக இருந்தாலும் இப்படி வரும், அதையும் பாருங்கள்.)

மூடுபனியில் சிக்னல் போய்விட்டது என்று மலையில் பலர் நினைக்கிறார்கள். மற்ற தளங்கள் திறந்தால் குறை சிக்னலில் இல்லை.