சவர்க்காரப் பெட்டியில் எட்டு மணித்தியாலம்

கேள்வி: டொக்டர், எனக்கு 31 வயது, ரீச்சராக இருக்கிறேன். மகளுக்கு மூன்று வயது. நான் மாத்திரை போட மறந்துவிடுவேன் என்று, ஜேர்மனியில் இருந்து வந்த அக்கா பெண்ணுறுப்புக்குள் வைக்கும் கருத்தடை வளையம் மூன்று வாங்கி வந்து தந்தா. முதலாவதை வைத்துப் பதினோராம் நாள், காலை ஆறு மணிக்குக் குளிக்கும்போது வெளியே வந்துவிட்டது. சவர்க்காரப் பெட்டியில் வைத்துவிட்டு, பள்ளிக்கூட அவசரத்தில் மறந்துபோனேன். இரண்டு மணிக்கு வந்தால், மாமி அதை விரலில் மாட்டிக்கொண்டு “இது சின்னவளின்ரை காப்போ?” என்கிறா. வாங்கிக் கழுவித் திரும்ப வைத்துவிட்டேன். பயமில்லைதானே? மற்ற இரண்டும் அலுமாரியில் இருக்கின்றன. இதோடு கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கலாமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: மாமியில் பிழை இல்லை. குறுக்கே 5.4 சென்ரிமீற்றர், பிள்ளைக் காப்பு மாதிரித்தான் இருக்கும்.

திரும்ப வைத்தது சரி. ஆனால் இந்த வளையத்துக்குக் கணக்கு மூன்று மணித்தியாலம். உங்களுடையது எட்டு மணித்தியாலம் வெளியே கிடந்திருக்கிறது. அதன் பிளாஸ்ரிக்கில் இருந்து இரண்டு ஹோர்மோன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, முட்டை வெளிவராமல் தடுக்கின்றன. கசிவு நின்றால் இரத்தத்தில் அளவு இறங்கத் தொடங்கும். திரும்ப வைத்து ஏழு நாள் விடாமல் உள்ளே இருந்தால்தான் மறுபடி நம்பலாம். அதுவரை ஆணுறை வேண்டும். இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்த ஏழு நாளும் போயிருக்கும், என்ன செய்வது! முன்னே பத்து நாள் ஒழுங்காக உள்ளே இருந்தது நல்ல காலம். மூன்று வாரம் முடிந்து வளையம் எடுத்த வாரத்தில் மாதவிடாய் வராவிட்டால் மட்டும் சிறுநீர்ச் சோதனை செய்து பாருங்கள். இதுவே மூன்றாவது வாரத்தில் நடந்திருந்தால், பழையதை எறிந்துவிட்டு அன்றே புதியதை வைக்கச் சொல்லியிருப்பேன்.

எனக்கு அலுமாரிதான் கவலை. பிரிக்காத வளையத்தை 30 பாகைக்கு மேல் வைக்கக்கூடாது. ஆடி மாதத்து மத்தியானத்தில் திருகோணமலையில் எந்த அலுமாரி அப்படி இருக்கிறது? உடம்புச் சூடே 37 பாகைதானே என்று கேட்பீர்கள். உடம்புக்குள் மூன்று வாரம் கசிவதற்கென்றே செய்தது அது; பெட்டிக்குள் மாதக்கணக்கில் வேகக்கூடாது. பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஐஸ் பெட்டிக்குள் வேண்டாம். பாமசி கொடுத்த திகதியை அக்காவிடம் கேட்டுப் பெட்டியில் எழுதுங்கள். அதிலிருந்து நாலு மாதத்துக்குள் வைத்துவிட வேண்டும்.

கன்னியாவில் தாராளமாகக் குளிக்கலாம். வளையத்தைக் கழுவ மட்டும் சுடுதண்ணீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அக்கா தந்தா, நீங்கள் வைத்தீர்கள். இடையில் யாராவது பிரஷர் பார்த்தார்களா? பிரஷர் கூடியவர்களுக்கும், காலிலோ நெஞ்சிலோ இரத்தம் கட்டியவர்களுக்கும், கண்ணுக்குள் நெளிநெளியாக வெளிச்சம் ஓடி அதன்பின் தலையிடி வருகிறவர்களுக்கும் இந்த வளையம் ஆகாது. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும், திடீரென்று மூச்சு முட்டினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டாவதை வைக்குமுன் கிளினிக்குக்குப் போய்ப் பிரஷரைப் பாருங்கள். மூன்றும் முடிந்தபின் ஊசியா, கருப்பைக்குள் வைக்கும் லூப்பா, கையில் வைக்கும் இம்ப்ளான்ரா என்பதையும் அங்கேயே கேட்கலாம். மிட்வைப் மிஸ்ஸிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், பெட்டியையே கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.