விரலிடுக்கு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சாக்கடைகளைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அம்மாவுக்கு 61 வயது. இடது காலில் பதினைந்து வருடமாக வீக்கம். யானைக்கால் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குளிர் காய்ச்சல் வந்து தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. கால் சிவந்து கொதிக்கிறது. அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது என்கிறார். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் வீக்கம் கொஞ்சம் கூடியே நிற்கிறது. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். வெளிநாடுகளில் வீக்கத்தைக் கண்டறியவும் குணப்படுத்தவும் நிறைய ஆராய்ச்சி நடப்பதாகப் படிக்கிறேன். புதிய ஸ்கேன், லேசர், ஊசி ஏதாவது வந்திருக்கிறதா? மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை கேட்குமா? நம் நாட்டில் இதற்கெல்லாம் யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை என்பது வருத்தம். அடுத்த மாதம் தங்கை கல்யாணம். சொந்தக்காரர்கள் முன்னால் சங்கடம் வேண்டாமென்று அம்மாவை மேடையேற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதத்தின் வாலைத்தான் முதலில் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெற்ற மகளுக்குத் தாலி கட்டும்போது அம்மா மேடையில் இருக்கக் கூடாது என்று “சொல்லியிருக்கிறோம்” என்கிறீர்கள். யார் அந்த “றோம்”? நீங்களும் சேர்த்திதானே? தம்பி, இதை எழுதும்போது கை கூசவில்லையா? பதினைந்து வருடம் அந்தக் காலோடு நின்று உங்களுக்குச் சோறு வடித்தபோது வராத சங்கடம் இப்போது எங்கிருந்து வந்தது?

கோபம் உங்கள் மேல் மட்டுமில்லை. என் மேலும்தான். இரண்டு வாரத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டை இடிக்கப் போகிறார்கள். கொல்லையில் துணி துவைக்கிற கல் மட்டும் அப்படியே கிடந்தது. பெரியம்மா கால் கழுவ உட்காருகிற கல் அது. திரும்பி வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது.

கேள்விகளை முடித்துவிடுகிறேன். குர்குமின் மாத்திரை வாங்கும் காசுக்கு நல்ல சோப்பு வாங்குங்கள். லேசரை மறந்துவிடுங்கள். அமாவாசைக்கும் அம்மாவின் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இல்லை. மழைக்காலத்தோடு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். கால் வீக்கமெல்லாம் யானைக்காலும் இல்லை. இருதயம், சிறுநீரகம் கெட்டாலும் கால் வீங்கும், பெரும்பாலும் இரண்டு காலும் சேர்ந்து. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். “சொல்லிவிட்டார்கள்” என்கிறீர்களே, சொன்னது டாக்டரா, அடுத்த வீட்டுக்காரரா? டாக்டர் இல்லையென்றால் முதலில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

நம் நாட்டில் ஆராய்ச்சி இல்லை என்ற புலம்பலுக்கு ஒரே ஒரு பத்தி. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்ரகடா சுப்பாராவ். கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவைக் கூடத்துக்குப் போய் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1923இல் அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் நடந்த வேலையில்தான் 1947இல் யானைக்கால் புழுவைக் கொல்லும் டி.இ.சி. மருந்து வந்தது. அடுத்த வருடமே 53 வயதில் போய்ச் சேர்ந்தார். நம் தெருக்களில் வீடு வீடாக வந்து கண்ணெதிரே விழுங்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அந்த மாத்திரை.

பெரியம்மாவுக்கு வலது கால். கும்பகோணத்துக்குப் பக்கம் காவிரிக்கரை ஊர் எங்களுடையது. முழங்காலுக்குக் கீழே புளிய மரத்துப் பட்டை போலத் தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகக் கணுக்காலில் வந்து இறங்கியிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பைலேரியா, அதாவது யானைக்கால் நோய் ஆபீஸ்காரர்கள் ரத்தம் எடுக்க வருவார்கள். நான் தூங்குவதுபோல நடிப்பேன். விடமாட்டார்கள். விரல் நுனியில் குத்திக் கண்ணாடிச் சில்லில் இழுத்துக்கொண்டு போவார்கள். ஏன் இந்த வேளை கெட்ட வேளையில் வருகிறார்கள் என்று எல்லாரும் திட்டுவோம். பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் 1870களில் சீனாவின் அமாய் துறைமுகத்தில் கண்டுபிடித்த சங்கதி அது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவரிடம் இரண்டு உதவியாளர்கள். பகலில் ரத்தம் பார்த்தவருக்குக் குஞ்சுப்புழு எப்போதாவது ஒன்று கிடைத்தது. ராத்திரி பார்த்தவருக்குக் கொத்துக் கொத்தாகக் கிடைத்தது. பகலெல்லாம் நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கிக் கிடந்துவிட்டு, கொசு கடிக்கிற நேரம் பார்த்துத் தோலுக்கு வருகிற புழு. கொசுவுக்குள் அது வளர்வதையும் 1877இல் அவர்தான் பார்த்தார். அவ்வளவு கெட்டிக்காரர், கொசு தண்ணீரில் விழுந்து சாகும், அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் மனிதனுக்கு நோய் வருகிறது என்று நம்பினார். கடியில்தான் வருகிறது என்று நிலைநாட்ட இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

பெரியம்மா ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தது. “இம்மாம் பெரிய காலு, புழு இல்லையாம்டா!” என்று சிரித்தாள். காலில் ஒரு சுருக்கம்கூட இல்லாத சித்தப்பா ரத்தத்தில் இருந்தது. அவருக்கு மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாளே காய்ச்சலும் உடம்புவலியும் வந்துவிட்டது. மிச்சத்தை வாய்க்காலில் வீசினார். புழு சாகும்போது வருகிற காய்ச்சல் அது, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்ல ஆள் இல்லை.

அந்தச் சீட்டு பொய் இல்லை, எஸ். பல வருட வீக்கத்தோடு இருக்கிறவர்களில் நிறையப் பேருக்கு ரத்தத்தில் புழு கிடைக்காது. உடம்பில் கசிகிற நீரை வடித்துக்கொண்டு போகிற நிணநீர்க் குழாய்களைப் பழுதாக்கிவிட்டு அது செத்தும் போயிருக்கும். இப்போது கண்டுபிடிக்கிற வழியெல்லாம் மாறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் விட்டால் பத்து நிமிடத்தில் தெரிகிறது, பகலிலேயே. பிரேசிலில் ரெசிஃபே நகரத்து டாக்டர்கள் 1990களில் அல்ட்ராசவுண்டில் உயிருள்ள புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள் நெளிவதைப் பார்த்து, அதற்கு “பைலேரியா நடனம்” என்று பெயர் வைத்தார்கள். கால் விரலிடுக்கில் கதிரியக்கம் கலந்த மருந்தைச் செலுத்தி நிணநீர் ஏறும் வழியைப் படமெடுத்தால், வீக்கமே தெரியாத பிள்ளைகளின் காலில்கூடக் குழாய் கெட்டிருப்பது தெரிகிறது. எல்லாம் அருமையான வேலைதான். ஆனால் உங்கள் அம்மா காலில் இன்றைக்கு இருக்கிற பிரச்சினைக்கு இவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அம்மாவின் காலை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குவது அந்தக் காய்ச்சல். காய்ச்சலைக் கொண்டுவருவது புழு என்றுதான் ரொம்ப காலம் எல்லாரும் நினைத்தார்கள். அது இல்லை. சாதாரண பாக்டீரியா. நிணநீர் ஓடாமல் தேங்கிய கால் என்பது காவல்காரன் போய்விட்ட வீடு. நுழைகிற வாசல் எது தெரியுமா? சேற்றுப்புண்.

திரும்பவும் எழுதுகிறேன், சேற்றுப்புண். நடவுக்குப் போகிறவர்கள் விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி, வெடித்து, ராத்திரியில் அரிக்குமே, மஞ்சளும் மருதாணியும் அரைத்து வைப்பார்களே, அதே புண். நம் காலில் வந்தால் நாலு நாள் அரிப்பு. வீங்கிய காலில் வந்தால் குளிர், நெறி, பத்து நாள் படுக்கை. மழைக்காலத்தில் காய்ச்சல் கூடுவதும் இதனால்தான். நீங்கள் நாட்காட்டியில் அமாவாசையைத் தேடுகிறீர்கள்.

இதை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் அதே ரெசிஃபேவின் ஜெருசா டிரேயர் என்ற பெண் டாக்டர். இங்கே கேரளத்தில், ஆலப்புழை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 1990களில் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு டி.இ.சி., சிலருக்கு ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. எல்லாருக்கும் பொதுவாகக் காலைக் கழுவித் துடைத்துப் புண்ணுக்குக் களிம்பு போடும் பழக்கம். முடிவில், வெற்று மாத்திரைக்காரர்களுக்கும் காய்ச்சல் குறைந்திருந்தது. புழு மருந்து அதற்கு மேல் எதையும் சாதிக்கவில்லை. நீங்கள் தேடுகிற ஆராய்ச்சி இதுதான், தம்பி. ரயிலேறினால் ஒரு ராத்திரி தூரத்தில் நடந்திருக்கிறது. சோப்பும் தண்ணீரும் என்று முடிவதால் அது உங்களுக்கு ஆராய்ச்சியாகத் தெரிவதில்லை.

எப்படிக் கழுவுவது? வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். சோப்பைக் கையில் நுரைத்து முழங்காலிலிருந்து கீழே, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும், ஒவ்வொரு விரலிடுக்கிலும். தேய்த்து உரிக்கக் கூடாது. சோப்பு மிச்சமில்லாமல் அலச வேண்டும். பிறகு துடைப்பது. எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். வீங்கிய கால்விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். இடுக்கு கண்ணுக்கே தெரியாது. மெல்லிய பருத்தித் துணியை உள்ளே விட்டு ஒற்றி எடுக்க வேண்டும், ஈரம் வராத வரைக்கும். புண் இருந்தால் டாக்டர் எழுதித் தருகிற களிம்பு. உட்காரும்போது காலைத் தூக்கி வைப்பது, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, இறுக்காத செருப்பு. காய்ச்சல் வந்துவிட்டால் ஈரத்துணி, ஓய்வு, டாக்டர்; அந்த நாட்களில் நீவிவிடுகிறேன் என்று யாரும் கிட்டே வரக் கூடாது. வீக்கம் முழுசாக வடியும் என்று சொல்லமாட்டேன். காய்ச்சல் நின்றால் வளர்வது நிற்கும், கொஞ்சம் இறங்கவும் இறங்கும். கல்யாணத்துக்குள் மெலிந்த கால் வேண்டுமென்றால் என்னிடம் இல்லை.

பெரியம்மாவால் குனிந்து விரலை எட்ட முடியாது. பழைய வேட்டியைக் கிழித்துத் திரி போல முறுக்கி வைத்திருப்பாள். அதை விரலுக்கு நடுவே விட்டு இரண்டு பக்கமும் இழுத்துத் துடைத்துவிட யாராவது வேண்டும். என்னைக் கூப்பிடுவாள். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் காலின் வாடை எனக்கு ஆகாது. எட்ட நின்றுகொண்டு செம்பில் தண்ணீரை மட்டும் ஊற்றுவேன். “காய வைடா, ஈரம் நின்னா கடிக்கும்டா” என்பாள். அரிப்பைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். நான் செம்பைக் கல்லில் வைத்துவிட்டு விளையாட ஓடிவிடுவேன். திரி அவள் கையிலேயே இருக்கும்.

ஊருக்குப் போகும்போது ஒரு டார்ச்சும் நாலு முழம் பழைய வேட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள். சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்ததற்கும் நடுவில் முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நீங்களே துடையுங்கள், ஆள் வைக்காதீர்கள். பிறகு எனக்கு ஒரு வரி போடுங்கள். காலைப் பற்றி அல்ல, முகூர்த்தத்தின்போது அம்மா எங்கே நின்றார் என்று.