வெளியே விளையாடும் பிள்ளைகள்: பெற்றோர் கேட்டதும் என் பதிலும்

(குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை செய்வது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.)

எனக்கும் அவருக்கும் கண்ணாடி. ஏழு வயதுப் பையனுக்கும் வந்துவிடுமா? வெளியே விளையாடினால் வராதாமே, உண்மையா சார்?

வரவே வராது என்று சொல்ல முடியாதும்மா, ஆனால் வாய்ப்பு குறையும். சீனாவில் குவாங்சோ நகரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே அனுப்பி மூன்று வருடம் கழித்துப் பார்த்தார்கள். வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை (தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது) வந்திருந்தது, வெளியே போன பள்ளிகளில் 30.4. முக்கியக் காரணம் வெளிச்சம்தான். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வகுப்பறையில் பெரும்பாலும் 500 லக்ஸ்கூட இருக்காது, பகலில் மரநிழலில் நின்றாலே பல ஆயிரம் கிடைக்கும். அந்த வெளிச்சம் பட்டு விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அதுதான் கண் தேவைக்கு மேல் நீளமாக வளர்ந்து கிட்டப்பார்வை வராமல் தடுக்கிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தைவானில் 2010 முதல் தினமும் 120 நிமிடம் வெளியே என்று பள்ளிகளுக்குத் திட்டமே வைத்திருக்கிறார்கள். உங்களால் ஒரு மணி நேரம் முடிந்தால் அதையாவது விடாமல் செய்யுங்கள்.

என் பெண்ணுக்கு ஏற்கெனவே பவர் இருக்கிறது. விளையாடினால் இறங்குமா?

இறங்காது. கண்ணாடியோடு விளையாட விடுங்கள், பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஃபிளாட்டில் இருக்கிறோம், மொட்டைமாடி மட்டும்தான்.

தாராளமாகப் போதும். தரையில் கட்டம் போட்டால் பாண்டி ஆடலாம். வெயில் தாழ்ந்து நாலரை மணிக்குப் போங்கள், சுற்றுச்சுவர் உயரத்தைப் பாருங்கள், பெரியவர் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

தாத்தா ஊருக்குப் போனால் மண்ணிலேயே கிடக்கிறான். பூச்சி வராதா?

உங்கள் பயம் நியாயம்தான். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகவே ஏறும். அதனால் செருப்பு, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, அப்புறம் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை, இந்த மூன்றையும் விடாதீர்கள். ஆனால் மண்ணையே தடுக்காதீர்கள். ஃபின்லாந்தில் குழந்தைக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத் தரையைப் பெயர்த்துவந்து பரப்பினார்கள், 28 நாளில் பிள்ளைகளின் தோலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களின் வகை கூடியிருந்தது.

வெளியே கூட்டிப்போனால் என்ன சொல்லிக்கொடுப்பது?

ஒன்றும் வேண்டாம். மணலில் கூம்பு மாதிரி சின்னச் சின்னக் குழி இருக்கும், குழிநரிப் பூச்சி உள்ளே ஒளிந்து எறும்புக்குக் காத்திருக்கும். அதைக் காட்டிவிட்டுத் தள்ளி உட்காருங்கள், மற்றதை அவனே பார்த்துக்கொள்வான்.