ஃபராஜ் ஜெயித்தால் மகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

கேள்வி: சோமனூர் பக்கம் கூலித் தறி ஓட்டுகிறேன். மகள் கோவையில் பி.இ. முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தாள். இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. 2026 செப்டம்பரில் வகுப்பு. தோட்டத்துப் பத்திரத்தை வைத்து 28 லட்சம் கடன் வாங்க வேண்டும். காந்திபுரத்து ஏஜெண்ட், ‘படிச்சு முடிச்சா ரெண்டு வருசம் வேலை விசா, அஞ்சு வருசத்துல பி.ஆர்.’ என்கிறார். என் மச்சான், ‘அங்க ஃபராஜ் கட்சி வரப்போகுது, நம்மாளுகளை எல்லாம் மூட்டை கட்டி அனுப்பீருவாங்க’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? அனுப்பலாமா, வேண்டாமா?

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லைங்க. ஆனால் மச்சான் பேச்சைக் கேட்டால் ஒரு வாய்ப்பு போகும், அவ்வளவுதான். ஏஜெண்ட் பேச்சைக் கேட்டால் தோட்டம் போக வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஏஜெண்டிடமிருந்தே தொடங்குவோம்.

படிப்பு முடித்தவர்களுக்கான ‘கிராஜுவேட்’ விசா 2021 ஜூலையில் வந்தது. அப்போது இரண்டு ஆண்டு. 2025 மே மாதம், அங்கே ஆளும் லேபர் கட்சியின் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதை 18 மாதமாகக் குறைத்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தக் குறைப்பு பொருந்தும். உங்கள் மகள் படிப்பை முடிப்பதே 2027 செப்டம்பர் வாக்கில்தான். ஆகவே அவளுக்கு 18 மாதம், இரண்டு ஆண்டு அல்ல. ஏஜெண்ட் சொல்வது அவளுக்கு முன் போனவர்களுக்குக் கிடைத்த கணக்கு.

பி.ஆர். கதையும் அப்படித்தான். ஐந்தாண்டு வேலை செய்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை (பி.ஆர்.) கேட்கலாம் என்பது பழைய நடைமுறை. அதைப் பொதுவாகப் பத்தாண்டாக்கும் திட்டத்தை அரசு 2025 நவம்பரில் விரிவாக முன்வைத்தது. ஏற்கெனவே அங்கே இருந்துகொண்டு நிரந்தர உரிமை இன்னும் வாங்காதவர்களுக்கும் இது பொருந்தும் என்பதுதான் அதில் உள்ள முள். அதோடு, படிப்புக் காலமும் கிராஜுவேட் விசாக் காலமும் பழைய ஐந்தாண்டுக் கணக்கிலேயே சேராது. வேலை விசாவுக்கு மாறிய பிறகுதான் கடிகாரமே ஓடத் தொடங்கும். இதை ஏஜெண்டுகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இப்போது மச்சான் பக்கம் வருவோம். இந்த வெட்டுகளை எல்லாம் செய்தது ஃபராஜ் அல்ல என்பதை முதலில் கவனியுங்கள். குடிவரவை எதிர்க்கும் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யு.கே. கட்சிக்கு 2024 ஜூலை தேர்தலில் கிடைத்தது 5 இடம்தான். பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வர 2024 ஜனவரியில் தடை போட்டது அப்போது ஆண்ட கன்சர்வேடிவ் கட்சியின் அரசு. வேலை விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தை 26,200 பவுண்டிலிருந்து அதே ஆண்டு ஏப்ரலில் 38,700-க்கு ஏற்றியதும் அவர்களே. அதை 2025 ஜூலையில் 41,700 ஆக்கியது லேபர். இரண்டு பெரிய கட்சிகளும் மூன்றாவது கட்சிக்குப் பயந்து போட்ட விதிகள் இவை. ஒரு கட்சி ஆட்சிக்கு வராமலேயே தன் கொள்கையில் பாதியை மற்றவர்கள் கையால் நிறைவேற்றிக்கொள்ள முடியும். உங்கள் மச்சான் 2029-இல் வரவேண்டிய பொதுத் தேர்தலைப் பார்த்துப் பயப்படுகிறார். மகளைப் பாதிக்கும் முடிவுகளில் முக்கியமானவை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

சரி, ஏன் மாணவர்கள் மேல் அடி விழுகிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமானது. 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் ‘பிரெக்சிட்’ வாக்கெடுப்பில் 52-க்கு 48 என்று ஜெயித்தபோது மக்களின் எரிச்சல் பெரும்பாலும் போலந்து, ருமேனியாக்காரர்கள் மேல் இருந்தது. ஐரோப்பியர்களின் தடையற்ற வருகை 2020 முடிவோடு நின்றது. ஆனால் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஆள் வேண்டும், பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் வேண்டும். அதனால் வேறு வாசல் திறந்தது, அந்த வாசலில் அதிகம் நுழைந்தவர்கள் நம்மவர்கள். 2022-இல் இந்திய மாணவர் எண்ணிக்கை சீனர்களை முந்தியது. வெளியேறியவர்களைக் கழித்து நிகரமாக நாட்டுக்குள் வந்தவர்கள் 2023-இல் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டினார்கள். வருகையைக் குறைக்கத்தான் பிரெக்சிட் என்று ஓட்டுப் போட்டவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனாலும் அந்த ஓட்டுக்காரன் தொலைக்காட்சியில் பார்த்தது மாணவர்களை அல்ல, ஆங்கிலக் கால்வாயில் ரப்பர் படகில் வருபவர்களையும், அரசு அவர்களைத் தங்கவைத்த ஹோட்டல்களையும். 2022-இல் படகில் வந்தவர்கள் 45,000-க்கு மேல், 2024-இல் 36,000-க்கு மேல். அதே 2024-இல் கொடுத்த மாணவர் விசா சுமார் 4 லட்சம். படகை நிறுத்த சர்வதேச ஒப்பந்தம் குறுக்கே நிற்கும், நீதிமன்றம் நிற்கும், பிரான்சு ஒத்துழைக்க வேண்டும். படகில் வந்தவர்களை ஆப்பிரிக்காவின் ருவாண்டாவுக்கு அனுப்புகிறோம் என்று 2022-இல் ஆரம்பித்த திட்டமும் 2024-இல் ஆட்சி மாறியதும் குப்பைக்குப் போனது. மாணவர் விசாவையோ ஒரு பேனாவை எடுத்து மாற்றிவிடலாம். அந்நாட்டுக் குடிவரவு விதிகளை மாற்ற முழுச் சட்டம் இயற்றத் தேவையில்லை. உள்துறை ஒரு மாற்ற அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தால் போதும். கோபம் படகின் மேல், அடி படிக்கப் போகும் பிள்ளையின் மேல்.

இப்படி அடித்ததில் எண்ணிக்கை குறைந்ததா என்றால், நன்றாகவே குறைந்தது. 2025 ஜூனோடு முடிந்த ஓராண்டில் நிகர வருகை 2.04 லட்சம்தான். ஃபராஜின் செல்வாக்கு குறைந்ததா? இல்லை. 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் அவர் கட்சி 677 இடங்களையும் 10 மன்றங்களையும் பிடித்தது. அதன் பிறகு அந்த ஆண்டு முழுக்கப் பெரும்பாலான கருத்துக்கணிப்புகளில் முதலிடம். புள்ளிவிவரத் துறை அட்டவணையைப் பார்த்து யாரும் ஓட்டுப் போடுவதில்லை. ‘அவர் சொன்னது சரிதான், நாங்களும் அதையே செய்கிறோம்’ என்று ஆளுங்கட்சியே சொல்லும்போது, அசலை விட்டு நகலுக்கு ஏன் ஓட்டுப் போட வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

டென்மார்க்கைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. அங்கே சமூக ஜனநாயகக் கட்சியே கடுமையான குடிவரவுக் கொள்கையைக் கையில் எடுத்தது. 2015-இல் 21 விழுக்காடு வாங்கிய, குடிவரவை எதிர்க்கும் டென்மார்க் மக்கள் கட்சி 2022-இல் 2.6-க்குச் சரிந்தது. உண்மைதான். ஆனால் அதே 2022-இல் அதே குடிவரவு எதிர்ப்போடு புதிதாக முளைத்த டென்மார்க் ஜனநாயகர் கட்சி 8 விழுக்காடு வாங்கியது. ஓட்டின் ஒரு பங்கு வீடு மாறிக் குடியேறியது என்றே சொல்ல வேண்டும்.

அப்படியானால் 2029-இல் ஃபராஜ் வருவாரா? வரலாம். அந்நாட்டுத் தேர்தல் முறை நம்முடையதுதான், தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் எம்.பி. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக 44 விழுக்காட்டுக்கு 37 தொகுதியை அள்ளியது, திமுக 23 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியும் ஒரு தொகுதி இல்லை என்பது நினைவிருக்கும். 2024-இல் ரிஃபார்ம் 14 விழுக்காட்டுக்கு 5 இடம். லேபர் 34 விழுக்காடுகூட இல்லாமல் 411 இடம். நாலைந்து கட்சிகள் ஓட்டைப் பிரித்துக்கொண்டால் முப்பது விழுக்காடு வாங்கிய கட்சியே ஆட்சியைப் பிடிக்கலாம். அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் நடந்தாக வேண்டும், முன்கூட்டியும் வரலாம்.

ஆட்சிக்கு வந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை என்ற ஏற்பாட்டையே எடுத்துவிடுவோம் என்று அவர் 2025 செப்டம்பரில் அறிவித்திருக்கிறார். ஆனால் உங்கள் மகளின் தேதிகளைப் போட்டுப் பாருங்கள். 2027 இறுதியில் கிராஜுவேட் விசா வாங்கினால் அது 2029 கோடைத் தொடக்கத்தில் முடியும். தேர்தல் அதன் உரிய காலத்தில் நடந்தால், அவளுடைய படிப்பும் 18 மாதமும் பெரும்பாலும் இப்போதைய நாடாளுமன்றக் காலத்துக்குள்ளேயே முடிந்துவிடும். கையில் செல்லுபடியாகும் விசா இருப்பவரை நடுவில் மூட்டை கட்டச் சொல்வது எளிதும் அல்ல. 2006-இல் உயர்திறன் குடிவரவுத் திட்டத்தின் விதியை ஏற்கெனவே வந்தவர்களுக்கும் சேர்த்து மாற்றினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் இந்தியர்கள் ஏராளம். 2008-இல் லண்டன் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. வழக்கு போட்டு ஜெயிக்க ஆண்டுகள் ஆகும் என்பதும் அந்தக் கதையில் சேர்த்தி.

இன்னொன்று. வெகுசனக் கோபத்தில் ஏறி வரும் கட்சி ஆட்சிக்கு வந்ததும் கதவை முழுக்கச் சாத்திவிடும் என்று எண்ண வேண்டாம். இத்தாலியில் ஜார்ஜா மெலோனி 2022-இல் குடிவரவு எதிர்ப்பைப் பேசித்தான் ஜெயித்தார். அவர் அரசே 2023 முதல் 2025 வரை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து 4.5 லட்சம் தொழிலாளர்களுக்கு அனுமதி ஒதுக்கியது. அடுத்த மூன்றாண்டுக்கும் கிட்டத்தட்ட 5 லட்சம். வயலுக்கும் ஹோட்டலுக்கும் ஆள் இல்லை என்று முதலாளிகள் நின்றால் எந்தக் கட்சியும் இறங்கி வரும். உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டீக்கடையில் ‘வடக்கத்திக்காரங்க ஊரையே புடிச்சுட்டாங்க’ என்று பேசுபவரே, ஹோலிக்கு ஊருக்குப் போன பீகார்ப் பையன் திரும்பவில்லை என்றால் தறி நிற்கிறதே என்று புரோக்கருக்குப் போன் போடுவார். 2023 மார்ச்சில் போலி வீடியோக்களால் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் புரளி கிளம்பியபோது திருப்பூர் முதலாளிகளும் பதறினார்கள். அந்தப் பையன்கள் இந்தியக் குடிமக்கள், எங்கும் போய் வேலை செய்ய அரசியல் சட்டம் உரிமை தந்திருக்கிறது. உங்கள் மகளுக்கு அங்கே அந்தக் காப்பு இல்லை என்பதுதான் வேறுபாடு.

இப்போது கடனுக்கு வருவோம். 28 லட்சத்தை 11 விழுக்காடு வட்டியில் பத்தாண்டு கட்டினால் மாதத் தவணை சுமார் 38,500 ரூபாய். படிப்புக் காலத்து வட்டியைக் கட்டாமல் அசலில் சேரவிட்டால் சுமார் 43,000 ஆகிவிடும். இந்தத் தவணையைப் பவுண்டுச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மகள் 2029-இல் திரும்பி வந்து சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சம்பளமும் உங்கள் தறிக் கூலியும் சேர்ந்து, தோட்டத்தை விற்காமல், தவணையைத் தாங்குமா? தாங்கும் என்றால் அனுப்புங்கள், தைரியமாக. தாங்காது என்றால் கடன் தொகையைக் குறைக்கும் வழியைத் தேடுங்கள், அல்லது நாட்டை மாற்றுங்கள்.

நாட்டை மாற்றுவது என்றால் நான் முதலில் ஜெர்மனியைச் சொல்வேன். அங்கும் குடிவரவை எதிர்க்கும் ஏ.எஃப்.டி. கட்சி 2025 பிப்ரவரியில் 20.8 விழுக்காடு வாங்கி இரண்டாமிடத்தில் நிற்கிறது. ஆனால் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, படித்தபின் வேலை தேட 18 மாதம் உண்டு, அந்த உரிமை நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இருப்பதால் ஒரே இரவில் மாறாது. மொழி படிக்க வேண்டும், அது ஒரு வருட வேலை. பத்திரத்தை அடகு வைப்பதைவிட அது மேல்.

இங்கிலாந்துதான் என்று முடிவானால், மகள் கவனம் வைக்க வேண்டியது முதல் நாளிலிருந்தே ஸ்பான்சர் மேல், அதாவது வேலை விசாவுக்குப் பொறுப்பேற்கும் கம்பெனி மேல். வழக்கமான சம்பள வரம்பு 41,700 பவுண்டு என்றாலும், புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு 33,400 என்ற குறைந்த வரம்பு உண்டு. அந்தச் சலுகை கிராஜுவேட் விசாக் காலத்தையும் சேர்த்து மொத்தம் நான்கு ஆண்டுக்குத்தான். வெளிநாட்டவரை எடுக்கும் கம்பெனி அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தை 2025 டிசம்பரில் 32 விழுக்காடு உயர்த்திவிட்டார்கள், அதனால் சின்னக் கம்பெனிகள் தயங்குகின்றன. ஸ்பான்சர் செய்ய உரிமம் உள்ள கம்பெனிகளின் பட்டியல் அந்நாட்டு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பணம் கொடுத்தால் ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். முதியோர் இல்ல வேலைக்கு அப்படி லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாந்தவர்கள் பலர்; அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே 2025 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள்.

கல்லூரியையும் ஒருமுறை சரிபாருங்கள். விண்ணப்பித்தவர்களில் விசா மறுக்கப்பட்டோர் 10 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் போதும் என்றிருந்த விதியை 5 ஆக இறுக்குகிறார்கள். தாண்டினால் அந்தக் கல்லூரி வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமத்துக்கே ஆபத்து. உரிமம் போனால் படித்துக்கொண்டிருப்பவர்கள் வழக்கமாக 60 நாளில் வேறு இடம் பார்க்க வேண்டும். பெயர் தெரியாத கல்லூரியை ஏஜெண்ட் ஏன் வற்புறுத்துகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குக் கமிஷன் தருவது கல்லூரிதான், நீங்கள் அல்ல.

டெபாசிட் கட்டும் முன், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்பதைக் கல்லூரியின் முகவரியிலிருந்தே மகளின் மின்னஞ்சலுக்கு எழுதி வாங்குங்கள். ஏஜெண்டின் வாட்ஸ்அப் செய்தி போதாது.