டெம்போஸ் மேலே வந்தது எப்படி? ஹைலைஃப் கேள்வி பதில்

கே: கானாவின் நடன இசைக்கு ‘ஹைலைஃப்’ என்று ஏன் பெயர்?
ப: வெளியே நின்றவர்கள் வைத்த பெயர். 1920களில் கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா) கடற்கரை ஊர்களில் மேட்டுக்குடி கிளப்புகள் இருந்தன. உள்ளே போக விருந்து உடையும் நுழைவுக் கட்டணமும் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் வாசலில் நின்று கேட்டு, அதை ‘ஹைலைஃப்’, அதாவது உயர்ந்த வாழ்க்கை, என்றார்கள்.

கே: ‘டெம்போஸ்’ என்ற ஹைலைஃப் பாண்டை ஆரம்பித்தவர் ஈ.டி. மென்சாதானே?
ப: இல்லை. 1946இல் தலைநகர் அக்ராவில் பியானோ வாசித்த அடால்ஃப் டோகுவும், ஆர்தர் ஹாரிமன் என்ற ஆங்கிலேய எஞ்சினியரும் ஆரம்பித்தது. முதலில் வெள்ளைக்காரப் பட்டாளத்தார் வாசித்தார்கள். அவர்கள் ஊர் திரும்பத் திரும்ப, காலியான இடங்களுக்கு உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள். மென்சா 1947இல் சேர்ந்து, பிறகு தலைவரானார். ட்ரம்பெட், சாக்சபோன் இரண்டும் கைவசம். படித்த தொழிலோ மருந்தாளுநர்.

கே: அங்கே ஏற்கெனவே பாண்டுகள் இருந்தனவே, இது மட்டும் ஏன் எடுபட்டது?
ப: சின்னதாக இருந்ததால் என்பேன். பழைய ஆர்கெஸ்ட்ராக்கள் வயலின் வரிசையோடு வால்ஸ், ஃபாக்ஸ்டிராட் போன்ற மேற்கத்திய நடன இசை வாசித்த பெரிய கூட்டம். டெம்போஸ் சுமார் பத்துப் பேர்: ட்ரம்பெட், சாக்சபோன்கள், கிட்டார், பாஸ், தாளக்காரர்கள். சின்னக் குழுவில் தாளம் காற்று வாத்தியங்களுக்கு அடியில் புதையாது. டிரம்மர் கய் வாரன் (Guy Warren) லண்டன் போய்க் கென்னி கிரஹாமின் ஆஃப்ரோ-க்யூபிஸ்ட்ஸ் குழுவில் வாசித்தார். போங்கோ என்ற சிறு இரட்டை மேளமும் கலிப்சோ என்ற கரீபிய இசையும் அவரோடு அக்ரா வந்தன. பாட்டும் கா, த்வி, ஃபன்டே, ஆங்கிலம் என்று பல மொழியில். நைஜீரியாவுக்குப் போனபோது, ஸ்விங் என்ற அமெரிக்க ஜாஸ் நடன இசை வாசித்துக்கொண்டிருந்த லாகோஸ் பாண்டுகளும் ஹைலைஃப் பக்கம் திரும்பின.

கே: ஹைலைஃப்பின் ஐந்து தட்டுத் தாளமான ‘கிளேவ்’ தட்டினால் கை காலோடு சிக்கிக்கொள்கிறது.
ப: ‘தகதிமி’யை நாலு தரம் சொல்லுங்கள், மொத்தம் 16. கால் ஒவ்வொரு ‘த’விலும். கை ஐந்தே இடத்தில்: முதல் தகதிமியில் ‘த’வும் ‘மி’யும், இரண்டாவதில் ‘தி’, மூன்றாவதில் ‘தி’, நாலாவதில் ‘த’. அநேகமாக எல்லோரும் சறுக்குவது அந்த முதல் ‘மி’யில்தான், அடுத்த ‘த’வுக்குக் கால் இறங்கும்போது கையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். காலை நிறுத்திவிட்டு, வாயும் கையும் மட்டும் ஒட்டும்வரை மெதுவாகச் செய்யுங்கள். பிறகு காலைச் சேர்க்கலாம். மூன்றாவது ‘த’வில் கால் மட்டும் விழும், கை சும்மா இருக்கவேண்டும். அந்த வெற்றிடத்தை நிரப்பத் தோன்றும், நிரப்பினால் ஆட்டம் போச்சு.

கே: அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வந்து வாசித்ததால்தான் புகழா?
ப: அவர் அக்ரா வந்தது 1956 மே மாதம். டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் டெம்போஸின் பதிவுகள் 1952லேயே தொடங்கிவிட்டன. ஏறிய கொடிக்குக் காற்று அடித்தது, அவ்வளவுதான்.

கே: சாக்சபோன் சூடு பிடிக்கும்போதே பாட்டு முடிந்துவிடுகிறதே?
ப: 78 சுழற்சி, 10 அங்குல இசைத்தட்டு, ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம். பல்லவி, சரணம் போக சோலோவுக்கு மிஞ்சுவது அரை நிமிடம்தான். கிளப்பில் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. ஆடுகிறவர்கள் விடும்வரை அதே பாட்டு ஓடும்.