ஏழு வாரமாகியும் செருப்பு நுழையவில்லையா?

கால் கட்டைவிரல் பக்கத்து எலும்புப் புடைப்பை அறுவை செய்து ஏழு வாரமாகியும் சாயங்காலமானால் பாதம் பணியாரம் மாதிரி உப்பிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அறுத்த எலும்பு ஒன்றுசேரவே 6 முதல் 12 வாரம் ஆகும், வீக்கம் அதற்கப்புறமும் மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு ஒரு வருடம்கூட. நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டால் நீர் கீழேதான் இறங்கும்.

முக்காலியில் கால் வைப்பதெல்லாம் போதாது. படுத்துக்கொண்டு இரண்டு தலையணை அடுக்கி, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி அரை மணி நேரம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை வையுங்கள் (வீட்டில் யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்). ஐஸை நேராக வைக்காமல் துண்டில் சுற்றி 15 நிமிடம், பாதம் மரத்திருந்தால் அதுவும் வேண்டாம். எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று யாராவது வந்தால், சரி பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு, முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ஆனால் கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் வந்தாலோ, காய்ச்சல், சீழ் என்றாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் உடனே 108தான்.