மிஸ் இந்தியாவில் கொடுக்கும் துணைப் பட்டங்கள் வெறும் ஆறுதல் பரிசா?

"கிரீடம் ஒன்றுதான். அப்புறம் எதற்கு மிஸ் ஃபோட்டோஜெனிக், மிஸ் பியூட்டிஃபுல் ஸ்மைல், மிஸ் கன்ஜீனியாலிட்டி என்று எழுதி ஆளுக்கொரு சாஷ் (தோளில் குறுக்கே போடும் நாடா)? ஜெயிக்காதவர்களைச் சமாதானப்படுத்தத்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால் உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி அப்படி ஒரு சாஷோடு திரும்பி வந்திருக்கிறாள், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படி இருந்தால் இதைக் கடைசிவரை படியுங்கள். வேறு யாருக்கும் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன்.

ஆறுதல் பரிசு என்றால் முடிவு தெரிந்த பிறகு கொடுப்பது. ஃபெமினா மிஸ் இந்தியாவில் துணைப் பட்டங்களுக்கான சுற்றுகள் இறுதிப் போட்டிக்கு முன்பே தனியாக நடந்து முடிந்துவிடும். ராம்ப் வாக்குக்கு ஒரு சுற்று, திறமைக்கு ஒரு சுற்று, ஃபோட்டோ ஷூட், உடற்தகுதி என்று வரிசையாகப் போகும். கிரீடம் யாருக்கு என்று யாருக்குமே தெரியாத நேரத்தில் நடக்கும் சுற்றில் ஜெயித்தவளுக்கு எதற்கு ஆறுதல்?

ஜெயித்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். 2017-ல் மிஸ் இந்தியா ஆன மனுஷி சில்லர் அதே போட்டியில் மிஸ் ஃபோட்டோஜெனிக் பட்டமும் வாங்கியவர். அந்த வருடமே சீனாவின் சான்யாவில் மிஸ் வேர்ல்ட் ஆனார். மாதவிடாய்ச் சுகாதாரம் பற்றிக் கிராமங்களில் அவர் செய்த வேலைக்காக 'பியூட்டி வித் எ பர்ப்பஸ்' விருதையும் அங்கே வேறு சிலரோடு பகிர்ந்துகொண்டார். மானசா வாரணாசி மிஸ் ராம்ப் வாக் பட்டத்தையும் வாங்கினார், கிரீடத்தையும் வாங்கினார். தியா மிர்சா 2000-ல் முதல் இடம் வாங்கவில்லை, மூன்றாவதாக வந்தார், அழகான புன்னகைக்கான பட்டமும் வாங்கினார். அந்த வருடமே மிஸ் ஏஷியா பசிஃபிக் ஆகிவிட்டார்.

1994-ஐ எல்லோருக்கும் தெரியும். கோவாவில் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் மதிப்பெண்ணில் சமமாக நின்றார்கள், கூடுதலாக ஒரு கேள்வி கேட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். கிரீடம் சுஷ்மிதாவுக்குப் போனது. கேட்வாக், ஃபோட்டோஜெனிக், பர்ஃபெக்ட் டென் என்று துணைப் பட்டங்கள் ஐஸ்வர்யாவுக்கு வந்தன. மே மாதம் மணிலாவில் சுஷ்மிதா மிஸ் யுனிவர்ஸ், நவம்பரில் சன் சிட்டியில் ஐஸ்வர்யா மிஸ் வேர்ல்ட். ஐஸ்வர்யா அங்கேயும் ஃபோட்டோஜெனிக் பட்டம் வாங்கினார். இதை ஆறுதல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மிஸ் வேர்ல்டில் இந்தப் பட்டங்களுக்கு நேரடிப் பலனே உண்டு. 2003-லிருந்து திறமை, விளையாட்டு போன்ற சுற்றுகளில் ஜெயிப்பவர்களை நேராக அரையிறுதிக்குக் கொண்டுபோகும் முறை வந்தது. அதாவது ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவள், மேடையில் நடுவர் கண்ணில் படாமல் போனாலும், அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்தது மிஸ் கன்ஜீனியாலிட்டி, அதாவது எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவளுக்கான பட்டம். அது மிஸ் இந்தியாவில் இல்லை, சென்னையில் ஒரு தனியார் அமைப்பு நடத்திய மாநில அளவிலான போட்டியில். அமைப்பின் பெயர் வேண்டாம். 'இவள் மிஸ் இந்தியா வாசல் பக்கம்கூடப் போகாதவள், இவளுக்கு என்ன தெரியும்' என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு: அதற்குப் பிறகு இத்தனை வருடமாக அழகிப் போட்டிகளிலும் ஃபேஷன் ஷோக்களிலும் உடை அலங்காரப் பிரிவில்தான் வேலை பார்க்கிறேன். மேடைக்குப் பின்னால் நடப்பது எனக்குத் தெரியும்.

நான் திருச்சிக்காரி. அம்மா உறையூரில் தையல் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடையில் உட்கார்ந்து கொக்கி தைப்பதும் ஹெம்மிங் போடுவதும்தான் எனக்கு வேலை. அதனால் போட்டிக்குப் போனபோது பெட்டியில் மேக்கப் சாமானைவிட ஊசி, நூல், சேஃப்டி பின், கத்தரி இவைதான் அதிகம் இருந்தன.

இறுதிச் சுற்று கவுன் சுற்று. எங்களில் ஒரு பெண், கோவைக்காரி, என்னைவிடச் சின்னவள், கருஞ்சிவப்பு சாட்டினில் முதுகில் ஜிப் வைத்த கவுன் போட்டிருந்தாள். வரிசையில் நிற்கப் போகும் நேரத்தில் ஜிப் ரன்னர் ஒரு பக்கப் பல்லை விட்டுக் கழன்று வந்துவிட்டது. முதுகு முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஒருங்கிணைப்பாளர் நாலு பின் குத்தி அனுப்பப் பார்த்தார். சாட்டினில் பின் குத்தினால் இழை ஓடிவிடும், விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பின்னும் பளபளக்கும். நான் விடவில்லை. அவளைத் திருப்பி நிறுத்தி, இரட்டை நூல் கோத்து, இடது உள்ளங்கையை அவள் முதுகுக்கும் துணிக்கும் நடுவில் கொடுத்துக்கொண்டு கீழிருந்து மேலாகத் தைத்தேன். ஊசி குத்தினால் என் கையில்தான் குத்த வேண்டும், அவள் தோலில் படக்கூடாது. பயத்தில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாள். "மூச்சைப் பிடிக்காதே பாப்பா, சாதாரணமா விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எக்கிய வயிற்றோடு தைத்தால் மேடையில் மூச்சு விடும்போது தையல் தெறித்துவிடும். பிரிக்க வசதியாக முடிச்சை வெளியே வைத்து, ஜிப் மடிப்புக்கு உள்ளே தள்ளிவிட்டேன். என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். கையில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டு, துடைத்துக்கொண்டு போய் நடந்தேன்.

அந்தப் பெண் இரண்டாவது இடம் வந்தாள். எனக்கு முதல் ஐந்தில்கூட இடம் இல்லை.

கன்ஜீனியாலிட்டிக்கான ஓட்டு அந்தச் சுற்று முடிந்து உடை மாற்றும்போது நடந்தது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். உங்கள் எண்ணை எழுதக்கூடாது, கூட இருந்தவர்களில் ஒருவர் எண்ணை எழுதுங்கள் என்றார்கள். இந்த விருதை எங்கேயும் இப்படித்தான் முடிவு செய்வது வழக்கம். மிஸ் யுனிவர்ஸிலும் போட்டியாளர்களின் ஓட்டுதான். நடுவர் நம்மைப் பார்ப்பது மேடையில் சில நிமிடம். கூடவே தங்கியவர்கள் நம்மைத் தூங்கி எழுந்த முகத்தோடு பார்த்தவர்கள், கண்ணாடிக்கு முண்டியடிக்கும்போது பார்த்தவர்கள். நான் தோற்றால் தங்களுக்கு நல்லது என்ற நிலையில் இருந்த பெண்கள் என் எண்ணை எழுதினார்கள். அதைவிடப் பெரிய நடுவர் குழு எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா சாஷைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மனசு நோகக்கூடாதுன்னு ஏதோ ஒண்ணு கொடுத்து அனுப்பியிருக்கான்" என்றார். அதே அர்த்தத்தைத்தான் உங்கள் கேள்வியில் இன்று மறுபடியும் படித்தேன். அதனால்தான் இந்த நீளம். அன்று அம்மா தைத்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு, "ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கத் தெரியாதவர் எல்லாம் அதுல குறை சொல்லக்கூடாது" என்றார். பெரியப்பா காபி குடிக்காமல் போனார்.

அந்தத் தையலால் எனக்கு வேலையும் கிடைத்தது. உடை மாற்றும் கிரீன் ரூமில் நான் தைத்ததைப் பார்த்த ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் அடுத்த ஷோவுக்குக் கூப்பிட்டார். இன்றுவரை அதே தொழில். அந்தக் கோவைப் பெண் தன் கல்யாண ரவிக்கையை என்னிடம்தான் தைத்துக்கொண்டாள்.

தையல் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். 1994 மேடையில் தான் போட்ட கவுன் பற்றி சுஷ்மிதா சென்னே பலமுறை சொல்லியிருக்கிறார். டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கிய துணி, வீட்டுக்குக் கீழே பாவாடை தைக்கும் தையல்காரர் தைத்தது, புது சாக்ஸை வெட்டிச் செய்த கையுறை. அந்தத் தையல்காரரின் கை வேலைதான் கிரீடம் வாங்கியது. நம் ஊரில் என்ன நடக்கிறது? பட்டுக் கடையில் சொன்ன விலையைக் கொடுத்து, குளிர்பானமும் குடித்துவிட்டு வருகிறார்கள். ஃபால் அடிக்க, லைனிங் வைத்து ஜாக்கெட் தைக்க வரும்போது ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம். 'நாளைக்கே வேணும்' என்று வேறு. அம்மா கண் கெட்டதே தீபாவளி சமயத்து இரவு வேலையால்தான். மூட்டிய தையல் பிரிந்தால் திட்ட வருகிறவர்கள், ரவிக்கை கச்சிதமாக உட்கார்ந்தது என்று சொல்ல ஒருநாளும் வந்ததில்லை. இதை எங்கே சொல்வது என்று தெரியாமல் இங்கே சொல்கிறேன்.

மற்ற பட்டங்களுக்கு வருகிறேன். மிஸ் ஃபோட்டோஜெனிக் என்பது 'அழகான முகம்' இல்லை. நேரில் பார்த்தால் சாதாரணமாக இருக்கும் பெண், படத்தில் வேறு ஆளாகத் தெரிவாள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும், தாடையை விரல் அளவு இறக்கினால் கழுத்து நீளும் என்று தெரியும், கேமரா கிளிக் ஆகும் நொடியில் கண் செத்துப் போகாது. நேரில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்கும் பெண் அதே விளக்கில் விறைத்துப்போவதையும் பார்த்திருக்கிறேன். விளம்பர நிறுவனங்களுக்கு வேண்டியது முதல் ரகம்தான்.

புன்னகைக்குப் பற்பசை நிறுவனம், முடிக்கு எண்ணெயோ ஷாம்பூவோ விற்கும் நிறுவனம் என்று பட்டத்துக்குப் பின்னால் வியாபாரம் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. அந்தப் பணத்தில்தான் மேடை, விளக்கு, தங்குமிடம், பயிற்சி எல்லாம். கிரிக்கெட்டில் ஆட்ட நாயகன் விருதிலும் கம்பெனி பெயர் இருக்கிறது, அதற்காக அவன் அடித்த ரன் பொய்யாகிவிடுமா?

ஆனால் தோலுக்காகக் கொடுக்கும் பட்டம் எனக்குப் பிடிக்காது. நான் கறுப்பு. சிவப்பழகு க்ரீம் விளம்பரங்களோடு வளர்ந்தவளுக்கு அந்தப் பட்டம் யாருக்குப் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 2019-ல் மிஸ் இந்தியா இறுதிப் போட்டியாளர்களின் படங்களை ஒரே பக்கத்தில் போட்டபோது, எல்லோரும் ஒரே நிறம், ஒரே முடி, ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்கள் என்று நாடே கேட்டது. கேட்டது நியாயம். அந்தப் பட்டத்தை எடுத்துவிட்டு வேறு எதையாவது வைக்கட்டும்.

'அழகிப் போட்டியே பெண்ணைப் பொருளாக்குவது, இதில் துணைப் பட்டம் வேறா' என்று கீழே ஒருவர் நிச்சயம் எழுதுவார். 1996-ல் பெங்களூரில் மிஸ் வேர்ல்ட் நடந்தபோது எழுந்த எதிர்ப்பில் நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது போட்டியே வேண்டாம் என்பவர்களின் வாதம். போட்டியைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, கிரீடம் மட்டும் உசத்தி, மற்றதெல்லாம் குப்பை என்பவர்களுக்கு அந்த வாதத்தைக் கடன் வாங்க உரிமை இல்லை.

உங்கள் சந்தேகம் செல்லுபடியாகும் இடம் ஒன்று உண்டு. இப்போது ஊருக்கு ஊர் ஹோட்டல் ஹாலில் போட்டி நடக்கிறது. நுழைவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், உடை வாடகை என்று வாங்கிக்கொண்டு, வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பட்டம் கொடுத்து அனுப்புகிறார்கள். அதற்கு மதிப்பு இல்லை. எத்தனை பேருக்கு எத்தனை பட்டம், அந்தப் பட்டத்துக்குத் தனிச் சுற்றோ ஓட்டோ நடந்ததா, நடுவராக உட்கார்ந்தது யார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் அது உண்மையான பட்டம்.

உங்கள் வீட்டுப் பெண் வாங்கியது அப்படி உண்மையான பட்டம் என்றால், சாஷைப் பீரோவில் மடித்து வைக்கவிடாதீர்கள். வாய்ப்புத் தேடும்போது காட்டும் படத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் பட்டத்தின் பெயர், போட்டி, ஆண்டு, நடுவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள். ஃபோட்டோஜெனிக் என்றால் அந்தச் சுற்றில் எடுத்த படங்களைப் புகைப்படக்காரரிடமே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நாள் தள்ளினால் ஹார்ட் டிஸ்கில் இருந்து அழித்துவிடுவார்கள், அதனால் இந்த வாரமே கேட்கட்டும்.